கைராசிக்காரி

நான் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசத் தெரியாதவன். நடந்துகொண்டே சொன்னால் உங்கள் மூவருக்கும் தொந்தரவு இல்லையே? ஜன்னலுக்கும் இந்த அலமாரிக்கும் நடுவே ஏழு அடி எடுத்து வைக்கலாம், எனக்கு அது போதும். தேநீர் வேண்டாம், காலையிலிருந்து ஐந்து கிளாஸ் ஆகிவிட்டது. இந்தத் தண்ணீர் பாட்டில் மட்டும் கையில் இருக்கட்டும்.

உங்கள் விசாரணைக் குழு கடிதத்தில் கேட்டிருந்தது சின்னக் கேள்விதான். டைட்டானியத்தின் மேல் ஒட்டும் என்று எங்கள் கட்டுரையில் சொன்ன பெப்டைடு, இஸ்மிரில் ஒரு குழு செய்து பார்த்தபோது ஒட்டவில்லையாம். ஒட்டாது என்று நாங்கள் எழுதியது ஒட்டுகிறதாம். "குழாய்களுக்குப் பெயர் எழுதுவதில் பிழை நேர்ந்திருக்குமா, நெஜ்மி பே?" என்று மரியாதையாகக் கேட்டிருந்தீர்கள். ஆம் என்று ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் எனக்கு இந்தப் படகுப் பயணம் மிச்சம். ஆனால் பிழை எதுவும் நேரவில்லை. நேர்ந்தது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். பொய் எனக்கு ஒத்துவராது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் ஒருவர் சட்டத்துறை என்று கேள்விப்பட்டேன். பல்லோ எலும்போ போன இடத்தில் டைட்டானியத் திருகாணி வைக்கிறார்கள். உடம்புக்கு அது அந்நியன். உடம்புக்குப் பழக்கமான பொருள் ஒன்றை அதன் மேல் நிறுத்திவிட்டால் எலும்பு தானாக வந்து சேர்ந்துகொள்ளும். அதை நிறுத்தி வைக்க, உலோகத்தைப் பிடித்தால் விடாத ஒரு பெப்டைடு வேண்டும். பன்னிரண்டு அமினோ அமிலங்களைக் கோத்த சின்னச் சரம், அவ்வளவுதான். எந்த வரிசையில் கோத்தால் பிடிக்கும் என்று கணித்துச் சொல்லும் கணினி நிரலை ஆறு வருஷம் உட்கார்ந்து எழுதினேன். கணித்தது உண்மையிலேயே பிடிக்கிறதா என்று கையால் செய்து பார்ப்பது எங்கள் ஆய்வக மாணவி ஃபெராயேயின் வேலை.

சோதனை எளிமையானது. ஒரு லிரா நாணயத்தைவிடக் கொஞ்சம் சிறிய படிகத் தகடு, மேலே டைட்டானியப் பூச்சு. நொடிக்கு ஐம்பது லட்சம் தடவை அதிர்ந்துகொண்டே இருக்கும். என்னைப் போலத்தான், அதற்கும் சும்மா இருக்கத் தெரியாது. மேலே ஏதாவது ஒட்டினால் பாரம் கூடி அதிர்வு குறையும், திரையில் கோடு இறங்கும். பிறகு கழுவுநீர் விடுவோம். சும்மா ஒண்டியிருந்தது அடித்துக்கொண்டு போய்க் கோடு பழையபடி ஏறிவிடும். உண்மையாக ஒட்டியிருந்தால் கோடு இறங்கின இடத்திலேயே கிடக்கும். கூடவே இன்னொரு சரத்தையும் சோதிப்போம். அதே பன்னிரண்டு அமிலங்கள், வரிசையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கலைத்துப் போட்டது. அதற்குப் பெயரே "கலைத்தது". அது ஒட்டக்கூடாது. அப்போதுதான் ஒட்டியதற்குக் காரணம் என் வரிசை என்று சொல்ல முடியும்.

ஃபெராயேயைக் கைராசிக்காரி என்பார் எங்கள் ஆய்வகத் தலைவி, பேராசிரியை மெலாஹத் ஹோஜா. கண்ணேறு படக்கூடாதென்று இரண்டு லட்சம் டாலர் கருவியின் நெற்றியில் நீலக்கண் மணியை ஒட்டிவைத்தவர் அவர். "கருவியைத் தொடணும்னா ஃபெராயே தொடட்டும். மத்தவங்க கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க" என்பார். மற்றவர்களுக்கு நாலு தடவை சரியாக வராதது அவளுக்கு முதல் தடவையே வரும். உஸ்குதாரில் அப்பாவோடு இருந்தாள். அப்பாவுக்குச் சர்க்கரை நோய், அதிலேயே கண் போய்விட்டது. அவருக்குக் காலை ஊசி போட்டு, சாப்பாடு கொடுத்துவிட்டு ஒன்பது மணிக்கு வருவாள். முனைவர் பட்டத்துக்கு ஒரு வருஷம் பாக்கி. அது முடிந்தால் ஆய்வகத்திலேயே நிரந்தர வேலை என்று ஹோஜா வாக்குக் கொடுத்திருந்தார்.

நான் ஏழு மணிப் படகில் வந்துவிடுவேன்.

முதல் சோதனைக்கு ஏ, பி என்று இரண்டு குழாய் கொடுத்தேன். எது என் வரிசை, எது கலைத்தது என்று ஃபெராயேக்குத் தெரியாது. தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஹோஜாவின் மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டேன். முடிவு வந்த பிறகுதான் உறையைப் பிரிப்போம். கண்ணைக் கட்டிக்கொண்டு செய்வதுதான் நேர்மை. ஏ ஒட்டியது. பி கழுவிக்கொண்டு போய்விட்டது. எல்லாரும் நிற்கும்போது உறையைப் பிரித்தார்கள். ஏ கலைத்தது. பி என்னுடையது.

ஹோஜா தாளை இரண்டு தரம் படித்தார். "ஆறு வருஷம் நிரல் எழுதினதுக்கு, காப்பிக்கடையில சீட்டுக் கலைக்கிற ஆளைக் கூட்டிட்டு வந்திருந்தா ஆறு நிமிஷத்துல முடிச்சுக் கொடுத்திருப்பானேப்பா நெஜ்மி!"

எல்லாரும் சிரித்தார்கள். ஃபெராயேயும் சிரித்தாள். அதை ஒரு குற்றமாக நான் சொல்லவில்லை. அன்று மத்தியானம் தன்னுடைய சிமித் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் மேஜையில் வைத்துவிட்டு, "ஒரு தடவைதானே அண்ணா. மறுபடி போட்டுப் பார்ப்போம், எங்க போயிடப்போகுது" என்றாள். நல்ல பெண்.

மறுபடி செய்வது எங்கள் ஆய்வகத்தின் சட்டம். மூன்று தடவை செய்யாதது செய்யாததற்குச் சமம் என்பது ஹோஜாவின் வாக்கு. சந்தேகம் இருந்தால் மறுபடி செய் என்பது நான் எல்லாருக்கும் சொல்வது. இரண்டும் நல்ல சட்டங்கள், இப்போதும் அதை மறுக்கமாட்டேன்.

அடுத்த தடவைக்கு ஃபெராயே தானே பொடியைக் கரைத்து, சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, பெயர் எழுதி உறைபெட்டியில் வைத்தாள். நாங்கள் பெயரை மூடியின் மேல்தான் எழுதுவோம். குழாயின் பக்கத்தில் எழுதினால் பனி பிடித்து, விரல் பட்டு, மை அழிந்துபோகும். மூடி மேல் எழுதியது நிற்கும். அவளுடைய மை ஊதா நிறம், எழுத்து எறும்பு அளவு. மூடிகள் இதோ இந்தப் பாட்டிலைப் போலத் திருகுமூடிகள். இரண்டைக் கழற்றி மாற்றித் திருகப் பதினோரு நொடி ஆகும். குழாய் அவளுடையது, கையெழுத்து அவளுடையது. நான் உள்ளே எதையும் சேர்க்கவில்லை, எதையும் எடுக்கவில்லை. என் நிரல் இன்னும் நடை பழகாத பிள்ளை, அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டியிருந்தது. ஒரு சிரிப்போடு அதைக் குப்பையில் போடுவது நியாயமாகப் படவில்லை.

இரண்டாம் தடவை என் வரிசை ஒட்டியது. ஹோஜா எல்லாருக்கும் பக்லாவா இனிப்பு வாங்கிவரச் சொன்னார். ஃபெராயே மட்டும் சாப்பிடாமல் என்னிடம் வந்தாள்.

"அண்ணா, ஒண்ணு சொல்லவா? போன தடவை ஏ குழாயைத் தட்டினா நுரை வந்துச்சு. இந்தத் தடவை பி-ல நுரை வருது. ரெண்டு தடவையும் நுரைக்கிறதுதான் ஒட்டுது. உள்ள இருக்கிறது இடம் மாறியிருக்கு, பேரு மட்டும் மாறல."

"நுரையைப் பார்த்தா ஆராய்ச்சி பண்றே? பாத்திரம் தேய்க்கிற சோப்புலகூடத்தான் நுரை வருது. அதையும் திருகாணியில பூசிடலாமா?"

அவள் சிரித்துவிட்டாள். ஆறு வருஷத்தில் என் நிரல் கண்டுபிடிக்காததை அவள் குழாயைத் தட்டிக் கண்டுபிடித்துவிட்டாள். இன்னும் ஒரு தடவை தட்டினால் என்னையும் கண்டுபிடித்துவிடுவாள். அவள் சொல்வதை யாரும் நம்பக்கூடாது என்றால் முதலில் அவளே தன்னை நம்பக்கூடாது. இதைத் தவிர வேறு வழி இருந்ததா என்று இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.

ஒரே பக்கமாக மாற்றிக்கொண்டிருந்தால் பிடிபட்டுவிடும். அதனால் சில நாள் மாற்றினேன், சில நாள் விட்டுவிட்டேன். காலையில் உறைபெட்டி முன்னால் நின்று ஒரு லிராவைச் சுண்டிப் பார்ப்பேன். தலை விழுந்தால் மாற்றுவேன். என் விருப்பு வெறுப்பு அதில் கலக்கக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். பதினான்கு மாதம் இப்படிப் போயிற்று.

இந்த மூடியை நான் திருகிக்கொண்டே இருப்பது எரிச்சலாக இருந்தால் சொல்லுங்கள், வைத்துவிடுகிறேன். சரி.

திங்கட்கிழமை ஒட்டியது புதன்கிழமை ஒட்டவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டும் இடம் மாறின. அவள் கழுவுநீரை மாற்றினாள், படிகத் தகட்டை மாற்றினாள், புதுப்பொடி வரவழைத்தாள். ஐந்தாம் மாதம் குழாய் ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுக்கச் சொல்லி யோசனை சொன்னேன். எடுத்தாள். மேலேயிருந்து எடுத்தாள், மூடிகளை. ஒவ்வொரு குழாயையும் தொடும்போது பெயரை வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். ஆய்வகம் முழுக்க "ஏ, ஏ, ஏ" என்று அவள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. சிலர் அதைச் சொல்லிக் காட்டிக் கேலி செய்தார்கள். நான் அவர்களைக் கண்டித்தேன்.

ஒன்பதாம் மாதம் அவள் என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். "அண்ணா, கொஞ்சம் பாருங்களேன், இது பி தானே?"

"பி தான்."

"நிச்சயமா?"

"பி தாம்மா. எழுதியிருக்கே."

அது உண்மை. மூடியில் பி என்றுதான் எழுதியிருந்தது. அவளிடம் நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

பத்தாம் மாதம் அந்தச் சந்தேகம் வீட்டுக்கும் போயிற்று. வீட்டைப் பூட்டிவிட்டுப் படகுத்துறை வரை வந்தவள் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறாள், அப்படியும் மனசு கேட்கவில்லை என்றாள். அப்பாவுக்கு ஊசி போடத் தன் கையை நம்பாமல் மேல் வீட்டில் இருந்த நர்ஸிடம் அந்த வேலையை விட்டிருந்தாள். துறைக்குப் பக்கத்துத் தேநீர்க்கடைக்குக் கூட்டிப்போய் ஆறுதல் சொன்னவன் நான்தான். வேறு யாருக்கும் அவ்வளவு பொறுமை இல்லை. "நீங்க ஒருத்தர்தான் அண்ணா என்னைத் திட்டலை" என்று அழுதாள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஒரு லிரா கொடுத்துக் கடற்காக்கைகளுக்குப் போட ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

பதினான்காம் மாதம் ஹோஜாவின் பொறுமை தீர்ந்தது. குழாய்களைக் கவனக்குறைவால் மாற்றிவிட்டதாக ஃபெராயே எழுதிக் கொடுத்தாள். நான் சொன்னது காதில் விழுந்ததா? அவளே எழுதிக் கொடுத்தாள். நான் கட்டாயப்படுத்தவில்லை. அவளுக்கு வாக்கியம் ஓடவில்லை என்றதால் எழுத உதவினேன். "வேறு எவருக்கும் இதில் பங்கில்லை" என்ற வரி என்னுடையது, அது கடிதத்துக்கு ஒரு முடிவு கொடுத்தது. ஹோஜா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "உன்னையா நான் கைராசிக்காரின்னு சொன்னேன்?" என்று கேட்டார். ஃபெராயே, "இல்லை ஹோஜா, நீங்க தப்பா சொல்லிட்டீங்க" என்றாள். பட்டம் போயிற்று, வேலை போயிற்று. பிறகு சோதனையை நானே மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் என் வரிசை ஒட்டியது. கைராசி என் கைக்கு வந்துவிட்டது என்றார் ஹோஜா. கட்டுரை வெளியானது.

இதோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் நடந்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. விட்டுவிட்டால் அரைகுறையாகிவிடும்.

பெருநாளின் இரண்டாம் நாள். புர்சாவில் மாமனார் வீட்டில் இருந்தேன். மாலைத் தேநீர், மேஜையைச் சுற்றிப் பதினைந்து பேர். கைபேசி அடித்தது.

"பெருநாள் வாழ்த்து அண்ணா. நல்ல நாள் அதுவுமா தொந்தரவு பண்றேன், மன்னிச்சிருங்க. மேல் வீட்டு நர்ஸ் அக்கா ஊருக்குப் போயிட்டாங்க. அப்பாவுக்கு நான்தான் இன்சுலின் போட்டேன். ரெண்டு ஊசிப் பேனா இருக்கு அண்ணா. ஒண்ணு சாப்பாட்டுக்கு முன்னால போடுறது, ஒண்ணு நாள் பூரா நிக்கிறது. நாள் பூரா நிக்கிறதைத்தான் போட்டேன்னு நினைக்கிறேன். ஆனா ரெண்டு மூடியும் மேஜையில கிடக்கு. எது எதோடதுன்னு... பேனா மேலயும் எழுதியிருக்கு, படிக்கிறேன். படிச்சு என்ன அண்ணா, நான் படிச்சது என்னிக்குச் சரியா இருந்திருக்கு?"

பின்னாலிருந்து அவள் அப்பா ஹைரெத்தினின் குரல் கேட்டது. "சரியாத்தாம்மா போட்டே. எனக்குக் கண்ணுதான் தெரியாது, உன் கை தெரியும். வந்து உக்காரு, தேநீர் ஆறுது."

நான் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம் ஒன்று இருந்தது. உன் கை ஒருநாளும் தவறியதில்லை, மூடியை மாற்றியவன் நான். பத்துச் சொல்கூட இல்லை. நாக்கு நுனி வரை வந்தது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் வரவில்லை. மாமியார் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார். எல்லாரும் நான் பேசி முடிப்பதற்காகக் காத்திருந்தார்கள். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"சந்தேகம் இருந்தா மறுபடி செய்."

"சரி அண்ணா" என்றாள். அவள் குரலில் நிம்மதி தெரிந்தது.

மறுபடி செய்தாள். முதலில் போட்டது சரியான பேனா, சரியான அளவு. இரண்டாவது போட்டதும் சரியான பேனா, சரியான அளவு. சர்க்கரை இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. காலையில் ஹைரெத்தின் எழுந்திருக்கவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். ஒரு பக்கம் தோள் கொடுத்தேன், கனமில்லாத மனிதர். வாசலில் ஃபெராயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தீங்களா அண்ணா, நான்தான் சொன்னேனே. என் கைதான்" என்றாள். ஆண்டவன் பொறுமையைக் கொடுக்கட்டும் என்று எல்லாரும் சொல்வதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

அது ஆய்வகத்துக்கு வெளியே நடந்தது. உங்கள் குழுவின் வரம்பில் வராது, விதிமுறைகளை நேற்று முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டேன். அவள் பேனா என்று சொன்னது சத்தத்தில் காதில் விழவில்லை என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் அப்படிச் சொல்லமாட்டேன். விழுந்தது. அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை, அதுதான் ஒரு தொந்தரவு. மருத்துவர் காபி, தேநீரைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

எழுதிக்கொள்ளுங்கள். மூடிகளை மாற்றியவன் நான். அவள் கையெழுத்துப் போட்ட கடிதத்தை எழுதியவன் நான். கடைசி மூன்று சோதனைகளும் பொய். எங்கே கையெழுத்துப் போடவேண்டும்? இங்கேயா?

நான் ஏன் கடிதத்தோடு நிறுத்தாமல் நேரில் வந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். இஸ்மிர்க்காரர்கள் சொல்வது சரி, கலைத்ததுதான் ஒட்டுகிறது. ஏன் ஒட்டுகிறது என்று அதை வைத்து என் நிரலைத் திருத்தினேன். புதிதாக ஒரு வரிசை கொடுத்திருக்கிறது. இந்தத் தடவை ஒட்டும், எனக்குச் சந்தேகமே இல்லை. யாராவது சோதித்துப் பார்க்கவேண்டும். என்னை இனிக் கருவியைத் தொட விடமாட்டீர்கள், அது நியாயம். ஃபெராயேயைக் கூப்பிடுங்கள். உஸ்குதாரில் ஒரு துணிக்கடையில் இருக்கிறாள். துணியை அளந்து கிழிக்கமாட்டாள், மடித்து மட்டும் வைப்பாள் என்றார் கடைக்காரர். அவளுடைய பழைய இடத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அவளுக்கு நான் செய்யக்கூடிய நல்லது இது ஒன்றுதான், நெடுநாள் யோசித்து வைத்திருக்கிறேன். குழாய்கள்கூடத் தயார், மூடிகளில் பெயர் எழுதிவிட்டேன். நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.

ஒன்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை அவள் சொல்வதை அப்படியே எழுதிவிடாதீர்கள், மூன்று தடவை செய்யச் சொல்லுங்கள். என்ன இருந்தாலும் ஒருமுறை கை தவறியவள்.